பேருந்து நிறுத்தத்தில் நெப்டியூன்

மதிப்பும் பாசமும் என்றும் குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், இவள், பிள்ளை மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீ, அத்தான், பெண்கள் இருவரும் எல்லா அளவிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். புது டாக்டர் கொடுத்த தைலம் உன் முழங்காலுக்குக் கேட்கிறதா? கேட்காவிட்டாலும் டாக்டரிடம் கேட்டதாகவே சொல். இல்லையென்றால் மாத்திரையை மாற்றுவார்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவது உன் வழக்கம். பக்கத்து நாற்காலியில் அத்தான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். நான் சொல்லப்போவது அத்தானைப் பற்றி. அதாவது அத்தானைப் பற்றி இல்லை, எங்கள் கல்லூரித் தாளாளரைப் பற்றி. இரண்டு பேரும் ஒரே ஆளாக அமைந்தது என் தலையெழுத்து. தாளாளருக்கு விண்ணப்பம் போக வேண்டுமானால் முதல்வர் மூலமாகப் போக வேண்டும். அத்தானுக்குப் போக வேண்டுமானால் உன் மூலமாக. இரண்டில் எது சீக்கிரம் போய்ச் சேரும் என்பது எங்கள் கல்லூரியின் கடைநிலை ஊழியர் வரைக்கும் தெரியும்.

விஷயம் என்னவென்றால், அக்கா, நான் களைத்துப்போய்விட்டேன். எப்படிக் களைத்தேன் என்பதை ஆதியிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். காயை நறுக்கி முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

எங்கள் இலக்கியத் துறையில் மாணவர்கள் குறைந்துகொண்டே வருவது உனக்குத் தெரியும். சில வகுப்புகளில் நான் உள்ளே நுழைந்தால்தான் கூட்டம் என்று சொல்லத்தக்க ஒன்று உண்டாகிறது. துறையை மூடிவிடலாம் என்று ஆட்சிக்குழுவில் பேச்சு எழுந்தபோது, அத்தான்தான் எங்களைக் காப்பாற்றினார். எழுந்து நின்று, கலையும் அறிவியலும் தனித்தனித் தீவுகளாகக் கிடக்கின்றன, நடுவே ஒரு பாலம் கட்டிப் பார்ப்போம், பாலம் நின்றால் துறையும் நிற்கட்டும், இல்லையென்றால் வருடக் கடைசியில் முடிவு செய்வோம் என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பாலத்துக்கு அடியில் தூணாக நிற்கப்போவது நாம்தான் என்று கை தட்டும்போது யாருக்குத் தோன்றும்?

முதல் வேலையாக எங்கள் அறைக்கும் இயற்பியல் துறை அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தார்கள். பாலம் என்றால் கட்டுவது என்று நினைத்திருந்தேன்; இடிப்பதில் தொடங்குகிற பாலத்தை அன்றுதான் பார்த்தேன். புழுதி அடங்கியபோது எதிர்ப்பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். இயற்பியல் துறைத் தலைவர். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தசமம். எதைக் கேட்டாலும் புள்ளிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போய்ப் பதில் சொல்வார் என்பதால். எனக்கு என்ன பெயர் என்று கேட்காதே, ஆகுபெயர் என்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் அதைச் சொல்லவில்லையாம், வேறு எதையோ சொல்கிறேனாம்.

சுவர் இருந்த இடத்தில் தரையில் சிமெண்டுத் தழும்பு ஒன்று நீளமாக ஓடுகிறது. தசமம் அதை எல்லைக்கோடாக மதிப்பார். அவருடைய நாற்காலிக் கால் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. என் புத்தகங்கள்தான் அகதிகள் மாதிரி அந்தப் பக்கம் சரிந்துவிடும். காலையில் வந்து பார்த்தால் அவற்றை உயர வரிசைப்படி அடுக்கி என் மேஜையில் வைத்திருப்பார். எந்தப் புத்தகம் எவ்வளவு உயரம் என்று எனக்கு எப்படித் தெரியும், நான் எப்படித் தேடுவது என்று கேட்டால், தான் அளந்து வைத்திருப்பதாகவும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் சொன்னார். பேச்சை வளர்க்கலாமே என்று ஒருநாள், இன்றைக்கு வெயில் கொளுத்துகிறது என்றேன். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நேற்றைவிட அரை டிகிரி குறைவு என்றார். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிப் பேச்சை வளர்ப்பான்? இவளிடம் போனில், ஒரு நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறேன் என்று சொல்லக்கூட முடியாது. அவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

இது போதாதென்று அடுத்த உத்தரவு வந்தது. வாரம் ஒரு வகுப்பு நான் இயற்பியல் மாணவர்களுக்குக் கவிதை நடத்த வேண்டும்; அவர் இலக்கிய மாணவர்களுக்கு அறிவியல் நடத்த வேண்டும். மழை நின்ற பிறகும் ஓர் இலை சொட்டிக்கொண்டிருப்பதைப் பற்றி ஒரு சின்னக் கவிதையைப் பலகையில் எழுதிவிட்டு, என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள் என்றேன். வகுப்பே அதை நோட்டில் எழுதிக்கொண்டது. முன் வரிசையில் ஒரு பையன் எழுந்து, "இதுக்கு விடை என்ன சார்?" என்றான். விடை இல்லை தம்பி என்றேன். அவன் கொஞ்சம் யோசித்து, மிகவும் மரியாதையாக, "அப்ப கேள்வி தப்பா சார்?" என்று கேட்டான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே அவர் கதை வேறு. வெப்பம் என்றால் என்ன என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். ஒரு பெண், 'அம்மா எழுந்து போன பிறகும் நாற்காலியில் இருப்பது வெப்பம்' என்று எழுதிவிட்டாள். நன்றாகக் குரல் எடுத்துப் பேசக்கூடிய பெண். அவளைப் பற்றிப் பிறகு வரும். அவர் பூஜ்யம் போட்டார். அவள் என்னிடம் வந்து அழுதாள். அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் மனசுக்குள் வாக்கியம் தேடிக்கொண்டிருக்கும்போதே, மறுநாள் காலையில் அவரே தழும்பின் ஓரம் வரை வந்து நின்றார்.

"யோசிச்சுப் பாத்தேன் சார். நாற்காலில மிஞ்சறது வெப்பம்தான். அந்தப் பொண்ணு எழுதினதுல தப்பில்லை."

"அப்ப முழு மதிப்பெண் போடுங்க சார்."

"அலகு போடலையே. அரைதான் தர முடியும்."

அந்த அரையை ஏதோ கிரீடம் மாதிரி அவள் விடுதி முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அன்று வந்த தலைவலி இரண்டு நாள் இருந்தது.

இந்த நிலையில்தான், அக்கா, அத்தானுக்கு அந்த யோசனை உதித்தது. அது எங்கே உதித்தது, உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, கேட்க மாட்டேன். இரண்டு துறையும் சேர்ந்து ஒரு நாடகம் போட வேண்டும், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், பார்த்த பிறகு துறையைப் பற்றி முடிவெடுப்பார்கள். எழுதுவது நான். அறிவியல் சரிபார்ப்பது தசமம். என் துறையில் இருக்கும் மற்ற இரண்டு பேரும் வாடகை வீட்டில் இருப்பவர்கள். ஒருத்தருக்கு இந்த வருடம்தான் குழந்தை பிறந்தது. அவர்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. காலையில் வணக்கம் சொல்லும்போது கொஞ்சம் கூடுதலாக என் முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சூரியனும் கோள்களும் ஒரு குடும்பமாகப் பேசிக்கொள்கிற மாதிரி எழுதினேன். பெயர் 'சுற்றம்'. சுற்றி வருவதும் சுற்றம், சொந்தபந்தமும் சுற்றம். இரண்டு துறைக்கும் பொதுவாக ஒரே சொல் கிடைத்துவிட்டதே என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது. தசமம் படித்துவிட்டு, சுற்றுவது சரி, கோள்களுக்குள் சொந்தம் எங்கே இருக்கிறது என்றார். ஈர்ப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அப்படியானால் சொந்தம்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "தூரம் கூடக் கூட அது குறையும் சார்" என்றார். சொந்தமும் அப்படித்தான் சார் என்றேன். பெயர் நின்றது. அந்த வருடத்தில் நான் ஜெயித்த ஒரே இடம் அது.

தூரம் என்ற சொல்லை நான் வாயைவிட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் ஒரு கால்பந்தோடு வந்தார். சூரியன் இந்த அளவு என்றால் பூமி ஒரு கடுகு, வியாழன் ஒரு நெல்லிக்காய், நெப்டியூன் ஒரு பட்டாணி என்று என் மேஜையில் வரிசையாக வைத்தார். அழகாக இருக்கிறது சார் என்று பாராட்டினேன். இது அளவு மட்டும்தான், தூரத்தையும் இதே விகிதத்தில் வைத்தால்தான் நாடகம் உண்மையாகும் என்று சொல்லி என்னை எழுப்பி அழைத்துக்கொண்டு போனார். அரங்க மேடையில் கால்பந்தை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினோம். புதன் பார்வையாளர் வரிசையில் விழுந்தது. பூமி கடைசி வரிசைக்குப் பின்னால், கதவருகே. செவ்வாய் வராந்தா. வியாழன் மைதானம். சனி கல்லூரி வாசல். யுரேனஸ் சாலையில் இஸ்திரி போடுகிற கடை. நெப்டியூனுக்கு நடந்து நடந்து, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றோம். வெயிலில் எனக்குக் கண்ணை இருட்டியது. மேடையில் சூரியன் மட்டும்தானா சார் என்று கேட்டேன். "அங்கயும் அப்படித்தான் சார்" என்றார். வானத்தைக் காட்டிச் சொன்னார், அதில் ஒரு பெருமை வேறு.

அதோடு விட்டாரா? சூரியன் கேள்வி கேட்டால் ஒளி போய்ச் சேர எட்டு நிமிடம் ஆகும், பதில் திரும்ப எட்டு நிமிடம் ஆகும், ஆகையால் பூமி பதினாறு நிமிடம் கழித்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். நெப்டியூனுக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல். அதுவரை பார்வையாளர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"காத்திருப்பாங்க. நாங்க காத்திருக்கோமே."

முதல்வர் தலையிட்டு, காத்திருப்பதைக் கைவிடுவது, தூரத்தை வைத்துக்கொள்வது என்று சமரசம் செய்தார். கோள்கள் ஒவ்வொன்றின் கையிலும் ஒரு செல்போன், எல்லாம் ஒரே அழைப்பில், மேடையில் ஒலிபெருக்கி. சரி, தொலைகிறது என்று நான் வசனத்தைத் திருத்தி எழுதினேன். வீட்டில் இவள், ராத்திரி சோறு ஆறுகிறது, காகிதத்தை மூடுங்கள் என்று சத்தம் போட்டதும், நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதற்காகவே தினமும் அரை மணி சீக்கிரம் கிளம்புகிறீர்கள் என்று குத்திக் காட்டியதும் இந்த நாட்களில்தான்.

நெப்டியூன் வசனம்தான் நான் கடைசியாக எழுதியது. உனக்காக இங்கே எழுதுகிறேன். 'நான் கடைசி வீடு. எனக்கு அப்புறம் தெரு இல்லை. வெளிச்சம் இங்கே வந்து சேரும்போது களைத்துப்போயிருக்கும். உட்காரச் சொல்லி விசாரிப்பேன், அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று. நான் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தார்கள் என்று சொல்லும். அதற்கு மேல் அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.' இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தசமம் இதைப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். வெளிச்சம் களைக்காது சார், எவ்வளவு தூரம் போனாலும் வேகம் மாறாது என்றார். நான் அதற்காக ஒரு பகல் முழுக்க அவரோடு மன்றாடினேன். கடைசியில் 'மெலிந்துபோயிருக்கும்' என்று மாற்றினேன். தூரம் போகப் போக வெளிச்சம் பரவி மெலிவது உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த வரியில் அவர் பேனா நின்றுவிட்டது. நான் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தார்கள் என்ற வரி. இது ரொம்பச் சரி சார், இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். யாரும் சொல்லித் தரவில்லை என்றேன். அவருடைய மகள் எங்கேயோ கடல் தாண்டி வேலையில் இருக்கிறாள். அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து அது வந்தது. "போட்டோ அனுப்புவா சார். நான் பாக்கறப்ப அங்க அவ தூங்கிட்டிருப்பா." டீ சொல்லவா என்று கேட்டேன்.

ஒத்திகை நன்றாகத்தான் போனது. நெப்டியூனாக அந்த அரை மதிப்பெண் பெண். அவள் குரலில் அந்த வசனத்தைக் கேட்டு மைதானத்தில் புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்தினார். நாடகத்துக்கு முதல் நாள் அவளுடைய அம்மா வந்தார். என் பெண் வேஷம் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் தனியாக நிற்க வேண்டுமாமே, அரங்கத்தில் ஒருத்தருக்கும் முகம் தெரியாதாமே, பிறகு எதற்கு நடிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவளை அரங்கத்துக்குள்ளேயே கடைசி வரிசையில் நிறுத்திவிடலாம் என்றேன். அப்படி நிறுத்தினால் அது நெப்டியூன் இல்லை என்றார் தசமம். நாடகம்தானே சார் என்றேன். தப்பான நாடகம் என்றார். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது, அக்கா. நீ என்னைக் கோபத்தில் பார்த்ததில்லை. உங்களுக்கு என்ன சார், உங்கள் துறையை யாரும் மூடப்போவதில்லை, பட்டாணியை எங்கே வைப்பது என்பதுதான் உங்கள் கவலை, என்னோடு இரண்டு குடும்பம் நடுத்தெருவில் நிற்கப்போகிறது என்று அறை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளினார், கால் தழும்பைத் தாண்டி வந்துவிட்டது, அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"நான் நிக்கறேன் சார்."

"உங்களுக்கு வசனம் தெரியாதே."

"நாளைக்குச் சாயங்காலம்தானே. படிச்சுக்கறேன்."

நாடகத்தன்று என்ன நடந்தது என்பதை அத்தான் ஒரு விதமாகச் சொல்லியிருப்பார். நடந்தது இதுதான். சூரியனாக நின்றவன் எங்கள் கைப்பந்து அணித் தலைவன். ஆறடி உடம்பு முழுக்கச் சின்ன பல்புகளைச் சுற்றி, ஆய்வகத்திலிருந்து மின்கம்பி இழுத்திருந்தோம். தனியாக மேடையில் நின்று பேசினான். பதில்கள் ஒலிபெருக்கியில் வந்தன. புதன், வெள்ளி, பூமி மூன்றும் நன்றாகவே பேசின. செவ்வாயின் போனில் யாரோ நடுவில் வேறு அழைப்பு விட்டு, சிலிண்டர் எப்போது வரும் என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. ஆட்சிக்குழு உறுப்பினர்களும் சிரித்தார்கள், எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த நேரம் பார்த்து, தாமதமாக வந்த இரண்டு உறுப்பினர்களின் வேன் கல்லூரி வாசலில் நுழைந்திருக்கிறது. வாசலில் நிற்பது சனி. இடுப்பைச் சுற்றி அட்டையில் செய்த பெரிய வளையம். காவலாளி வேனுக்கு வழி விடச் சொல்லியிருக்கிறார். நான் நகர்ந்தால் தூரம் தப்பாகிவிடும், சார் திட்டுவார் என்று சனி மறுத்திருக்கிறான். வேன் மெதுவாகத்தான் வந்ததாம். வளையம் இரண்டாக ஒடிந்தது, போன் கீழே விழுந்தது, அத்தோடு எல்லோருடைய இணைப்பும் போய்விட்டது. அது எப்படி, ஒருவன் போன் விழுந்தால் எல்லோருக்கும் போகுமா என்று என்னைக் கேட்காதே. தெரிந்த ஒரே மனிதர் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

சனி ஒடிந்த வளையத்தைத் தூக்கிக்கொண்டு முறையிட அரங்கத்துக்கு ஓடிவந்தான். அவன் ஓடுவதைப் பார்த்த வியாழன், எல்லோரும் உள்ளே வர வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து மைதானத்திலிருந்து ஓடிவந்தான். வியாழனைப் பார்த்துச் செவ்வாய். இஸ்திரிக் கடை முன்னால் நின்ற யுரேனஸ் மட்டும் டீ குடிக்கப் போயிருந்ததால் தப்பித்தான். கோள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேடை ஏறிச் சூரியன் மேல் முட்டின. பல்புகள் படபடவென்று வெடித்து அரங்கமே இருண்டது. இருட்டில் யாரோ கை தட்டினார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் தட்டினார்கள். விளக்கு வந்தபோது அத்தானின் நாற்காலி காலி. ஆட்சிக்குழுவும் அவர் பின்னால் போய்விட்டது. என் துறைக்காரர்கள் இரண்டு பேரும் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். நானும் மடக்கினேன். ஒரு வரிசை முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, நெப்டியூனை யாரும் கூப்பிடவில்லை.

இந்த வயதில் ஓடினேன், அக்கா. இஸ்திரிக் கடையைத் தாண்டும்போதே பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் தெரிந்தது. ஒரு பேருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது, ஏற யாருமில்லை. ஓட்டுநர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். அதன் பின்னால் போக வழியில்லாமல் அத்தானின் கார். அத்தான் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நடுவில் நீலப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தசமம். வலது கையை நீட்டி, விரல் நுனியில் பட்டாணியைப் பிடித்திருந்தார். இணைப்பு போனது அவருக்குத் தெரியுமாம். நாடகம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாமல், முந்தின வசனங்களுக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டு, தன் முறை வந்திருக்கும் என்று முடிவு செய்து, பேசத் தொடங்கிவிட்டார். நடிப்பெல்லாம் இல்லை. வகுப்பில் சூத்திரம் சொல்கிற குரல்தான். 'நான் கடைசி வீடு. எனக்கு அப்புறம் தெரு இல்லை.' காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெண் பையைக் கீழே வைத்தார். 'வெளிச்சம் இங்கே வந்து சேரும்போது களைத்துப்போயிருக்கும்' என்றார்.

மெலிந்துபோயிருக்கும் என்றுதானே அவர் என்னைத் திருத்த வைத்தது. என் காதுதான் தப்பாகக் கேட்டதோ என்று நினைத்தேன். நான் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தார்கள் என்ற வரிக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தினார். மறந்துவிட்டார் என்று நான் உதட்டை அசைத்தேன். மறக்கவில்லை. சொல்லி முடித்தார். யாரும் கை தட்டவில்லை. தெருவில் ஒரு ஆள் அப்படிப் பேசினால் கை தட்டுவதா, துணைக்கு யாரையாவது கூப்பிடுவதா என்று தெரியாத மாதிரி நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேருந்தில் ஏறினார்கள். காய்கறிப் பெண் மட்டும் அவரிடம் போய், உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு ஏறினார்.

அத்தான் அருகில் போய், இதை யார் எழுதியது என்று கேட்டார். தசமம் பட்டாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"எழுத்து அவருது சார். தூரம் என்னுது."

அத்தான் காரில் ஏறும்போது என் பக்கம் திரும்பி, "ரொம்ப அலுத்துப்போயிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார். ஆமாம் அத்தான் என்றேன். வேறு என்ன சொல்வது, அந்த நேரத்தில் எனக்கு மூச்சே வரவில்லை. கார் போன பிறகு தசமத்தோடு நடந்து திரும்பினேன். போர்வையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், தரையில் இழுபட்டது. ஏன் சார் வார்த்தையை மாற்றினீர்கள், வெளிச்சம் களைக்காதே என்று கேட்டேன். "களைக்காதுதான் சார். ஆனா அங்க நின்னு பாத்தா, அதுதான் சரின்னு பட்டுச்சு."

நடந்தது இவ்வளவுதான். துறையைப் பற்றி இதுவரை ஒரு தகவலும் இல்லை. மூடினால் மூடட்டும் என்று சொல்ல எனக்கு மனசில்லை, மற்ற இரண்டு பேரின் முகத்தைப் பார்க்கிறேனே. ஆனால் என்னால் இனி முடியாது, அக்கா. வெப்பமானியோடும் அடிஸ்கேலோடும் குடும்பம் நடத்துகிற வயதா எனக்கு? நேற்று இவள் கேட்ட கேள்விக்கு, தோராயமாக என்று தொடங்கிப் பதில் சொல்லியிருக்கிறேன். அவள் என்னைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று. ஆகையால் நீ அத்தானிடம் நல்ல நேரம் பார்த்து, சாப்பிட்ட பிறகு, சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு விஷயம் சொல். துறை இருக்கட்டும். ஆனால் பாலம் வேண்டாம். அந்தச் சுவரைத் திரும்பக் கட்டித் தரச் சொல். நான் இந்தப் பக்கம் என் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தைப் பற்றி இல்லாமல் பொதுவாகச் சொல். பெண்கள் இருவருக்கும் மாமாவின் ஆசி, நன்றாகப் படிக்கட்டும், எதைப் படித்தாலும் சரி. நீ மாடிப்படி ஏறாதே.

உன் அன்புத் தம்பி

பி.கு.: கடிதத்தை மடித்துப் பையில் வைத்திருந்தேன், தபாலில் போட நேரம் வாய்க்கவில்லை. இன்று காலை தாளாளரின் உத்தரவு வந்துவிட்டது. இலக்கியத் துறை தொடர்ந்து நடக்கும், ஆட்சிக்குழு ஒருமனதாம். என் துறைக்காரர் ஒருத்தர் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டே அழுதார். கூடவே இரண்டாவது பத்தி: ஆசிரியர்களின் சிரமத்தை முன்னிட்டுக் கூட்டுத் திட்டம் கைவிடப்படுகிறது, அறைகள் முன்போல் பிரிக்கப்படும். மதியத்துக்குள் கொத்தனாரும் செங்கலும் வந்து இறங்கிவிட்டன. நான் என் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். தசமம் எழுந்து போய், கொத்தனார் கட்டிய நூல் கோணலாக இருக்கிறது, முதலிலிருந்து கட்ட வேண்டும் என்றார். கொத்தனார் மறுபடி கட்டினார். இப்போதும் கோணல் என்றார். எனக்குத் தெரிந்தவரை அந்த நூல் நேராகத்தான் இருந்தது. அவர் பொய் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நான் கொத்தனாரை டீ குடிக்க அழைத்துப் போய், அவருடைய குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நாளைக்கும் இப்படியே ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தசமமும் அங்கே வருகிறோம். அதற்குள் நீ அத்தானிடம், சுவர் வேண்டாமாம் என்று மட்டும் சொல்லி வை. காரணம் கேட்டால், காற்றோட்டம் என்று சொல்.